அடுத்த கடையை எட்டிப் பார்ப்பது

2023 நவம்பர் கடைசியில் ஜேக் வார்டு என்பவர் எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டார். போட்டித் தளம் ஒன்றிடமிருந்து மொத்தம் 36 லட்சம் வருகைகளைத் தன் வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிட்டதாகவும், அக்டோபரில் மட்டும் 4,89,509 வருகைகள் கிடைத்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். செய்த காரியத்துக்குக் 'கொள்ளை' என்று அவரே பெயர் வைத்தார். செய்முறையையும் மறைக்கவில்லை. போட்டித் தளத்தின் சைட்மேப்பை இறக்கிக்கொண்டார். அதிலிருந்த முகவரிகளைக் கட்டுரைத் தலைப்புகளாக மாற்றினார். அந்தத் தலைப்புகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து 1,800 கட்டுரைகளை எழுத வைத்து ஏற்றிவிட்டார். பறிகொடுத்த தளம் எக்ஸல்ஜெட். எக்ஸல் சூத்திரங்களைச் சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகளோடு சொல்லித்தரும் சிறிய தளம் அது. அதன் பாடங்கள் பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

இதில் அவர் எந்தச் சட்டத்தை மீறினார் என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். சைட்மேப் என்பது ஒரு தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல். 2005இல் கூகுள் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதை ஏற்றுக்கொண்டன. தேடுபொறி வந்து படிக்கட்டும் என்று தளக்காரர்களே திறந்து வைக்கும் கோப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒருவர் எழுதிய அதே பொருளில் இன்னொருவர் எழுதுவதும் குற்றமில்லை.

ஆனாலும் அந்தப் பதிவைப் படித்ததும் இந்தத் தொழிலில் இருக்கும் பலர் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன். ஆனால் போட்டியாளரின் சைட்மேப்பை நானும் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். அவர் செய்த முதல் காரியம் என்னுடைய வழக்கமான வேலை. அப்படியானால் அவர் எந்த இடத்தில் எல்லை தாண்டினார்? நான் நிற்கும் இடம் எல்லைக்கு எந்தப் பக்கம்?

கோயம்புத்தூரில் சிறு உற்பத்தியாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தேடுபொறி வேலை செய்து தருவது என் பிழைப்பு. எஸ்.இ.ஓ. என்று சொன்னால் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவர் கூகுளில் ஒரு பொருளைத் தேடும்போது வாடிக்கையாளரின் பக்கம் முதல் சில இடங்களில் வர வேண்டும். போட்டியாளரைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது, ஏனென்றால் தரவரிசை என்பதே ஒப்பீடு. பரீட்சையில் வகுப்பே தொண்ணூறு மதிப்பெண் வாங்கலாம். தேடல் முடிவில் ஓர் இடத்துக்கு ஒருவர்தான். என் பக்கம் நான்காவதாக நிற்பதற்கான காரணத்தில் பாதி, மேலே உள்ள மூன்று பக்கங்களில் இருக்கிறது.

பார்ப்பதற்கு இருப்பவை பெரும்பாலும் வெளியே தொங்குபவைதான். பக்கத்தின் டைட்டில், உள்தலைப்புகள், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எத்தனை நொடியில் திறக்கிறது, எந்தெந்தத் தளங்கள் அதற்கு லிங்க் கொடுக்கின்றன. கிராஸ் கட் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் என்ன புடவை தொங்குகிறது என்று பார்க்கத்தான் செய்வார். அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை. எதிர்க்கடைப் பையனுக்குக் காசு கொடுத்துக் கணக்கு நோட்டைப் படம் பிடித்து வரச் சொன்னால் அது தப்பு என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. இணையத்தில் சிக்கல் என்னவென்றால், கண்ணாடிக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவே நூறு படிகள் இருக்கின்றன.

அந்தப் படிகளில் எல்லை எங்கே என்பதைச் சில பொறிகளின் கதை காட்டுகிறது. எடுத்தவரைப் பிடிக்கப் பொறி வைப்பது இணையத்துக்கு முந்தைய பழக்கம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ரூரல் டெலிபோன் என்ற சிறிய கம்பெனி தன் சந்தாதாரர்களின் பெயர், ஊர், எண் அடங்கிய புத்தகம் போட்டுவந்தது. பல கம்பெனிகளின் பகுதிகளைச் சேர்த்துப் பெரிய புத்தகமாகப் போட நினைத்த ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் உரிமம் கேட்டது. ரூரல் மறுத்தது. ஃபைஸ்ட் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தன் புத்தகத்தைப் போட்டது. 1,309 பதிவுகள் இரண்டு புத்தகத்திலும் ஒன்றுபோல இருந்தன. அவற்றில் 4 பதிவுகளுக்கு உரிய ஆட்களே கிடையாது. களவு போனால் தெரியட்டும் என்று ரூரல் செருகி வைத்திருந்த கற்பனைப் பெயர்கள் அவை. பொறியில் அகப்பட்ட ஃபைஸ்ட் தோற்றிருக்கும் என்று நினைப்போம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. சிரமப்பட்டுத் திரட்டியது என்பதாலேயே தகவல் ஒருவரின் சொத்தாகிவிடாது, தொகுப்பில் படைப்பாற்றல் ஒரு துளியாவது இருக்க வேண்டும் என்றது.

தேடுபொறி உலகின் புகழ்பெற்ற பொறியும் இதே வகைதான். 2010 நடுவில் கூகுள் பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கண்ணிமைகளைச் சேர்த்துத் தைக்கும் ஓர் அறுவைச் சிகிச்சையின் பெயரை எழுத்துப் பிழையோடு தேடினால், கூகுள் பிழையைத் திருத்தி முடிவு தரும். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் பிழையைத் திருத்தவில்லை. ஆனால் திருத்திய சொல்லுக்குக் கூகுள் எதை முதலில் காட்டியதோ அதே பக்கத்தை அதுவும் முதலில் காட்டியது. கேள்வி புரியாதவனுக்குப் பதில் மட்டும் எப்படித் தெரிந்தது?

கூகுள் சுமார் 100 சொற்களை உண்டாக்கியது. பெரும்பாலும் எந்த மொழியிலும் பொருள் தராத எழுத்துக் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் அதனோடு சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தை முதலிடத்தில் கையால் பொருத்தினார்கள். 20 பொறியாளர்களிடம் மடிக்கணினியைக் கொடுத்து, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பிங் டூல்பாரைப் போட்டு, வீட்டிலிருந்து அந்தச் சொற்களைக் கூகுளில் தேடி, வரும் முதல் முடிவைச் சொடுக்கச் சொன்னார்கள். டிசம்பர் 17இல் இந்த வேலை தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குள் பிங்கில் சில பொறிகள் விழுந்தன. பத்து எழுத்துக் கொண்ட ஒரு வெற்றுச் சொல்லைப் பிங்கில் தட்டினால் லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கம் ஒன்றின் இருக்கை வரைபடம் வந்தது. அந்தச் சொல்லையும் அந்த அரங்கத்தையும் இணைத்த இடம் உலகில் ஒன்றே ஒன்று, கூகுள் கையால் வைத்த முடிவு. 2011 பிப்ரவரி 1 அன்று கூகுளின் அமித் சிங்கால் இதை வெளிப்படையாகச் சொன்னார். மைக்ரோசாஃப்டின் ஹாரி ஷம், தாங்கள் 1,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துத் தரவரிசை போடுவதாகவும், டூல்பார் வழியே தகவல் தர ஒப்புக்கொண்ட பயனர்களின் சொடுக்குகள் அவற்றில் ஒன்று என்றும் பதில் சொன்னார்.

அந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 100 பொறிகளில் விழுந்தவை 7 முதல் 9 வரைதான். மக்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்று பார்ப்பது மக்களைப் பார்ப்பது. கூகுளைப் பார்ப்பது என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேறு எந்தக் குறிப்பும் இல்லாத இடத்தில், போட்டியாளர் கொடுத்த விடை அப்படியே தன் விடையாகப் போய்விட்டது என்பதும் உண்மை.

எட்டு ஆண்டுகள் கழித்துப் பொறி வைத்தவர் பக்கமே பொறி திரும்பியது. பாடல் வரிகளைத் திரட்டித் தரும் ஜீனியஸ் தளம், ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே வரும் ஒற்றைக் குறியை ஒரு விதமாக எழுதியது. சில இடங்களில் நேர்க்குறி, சில இடங்களில் வளைந்த குறி. படிப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த இரண்டையும் மோர்ஸ் புள்ளியும் கோடுமாக வைத்துப் படித்தால், கையும் களவுமாகப் பிடிபட்டதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வரும். கூகுள் தன் தேடல் பக்கத்தில் காட்டிய சில பாடல் வரிகளில் அதே குறிகள் அதே வரிசையில் இருந்தன. 2019 ஜூனில் செய்தி வெளியே வந்தது. உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வரிகளை வாங்குவதாகக் கூகுள் விளக்கம் தந்தது. ஜீனியஸ் வழக்குப் போட்டது. 2020இல் தள்ளுபடி, 2022இல் மேல்முறையீட்டிலும் தள்ளுபடி. பாட்டு எழுதியவருக்குத்தான் பதிப்புரிமை. கேட்டு எழுதிக்கொடுத்தவருக்கு இல்லை.

நீதிமன்றம் வரை போன இரண்டு பொறிகளிலும் சட்டம் பொறி வைத்தவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று துலங்குகிறது. ரூரலின் புத்தகத்தைப் பார்த்ததால் ஃபைஸ்ட் அகப்படவில்லை. அந்த நான்கு எண்களையும் கூப்பிட்டுப் பார்த்திருந்தால் நான்கும் புத்தகத்தில் ஏறியிருக்காது. பாடலை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுத் தன் கையால் எழுதியவருக்கு அந்தக் குறிகள் அந்த வரிசையில் வந்திருக்காது. பொறியில் விழுந்தவர் சரிபார்க்காமல் எடுத்தவர். போட்டியாளரிடமிருந்து 'எதைப் பற்றிச் சொல்ல வேண்டும்' என்பதைத் தெரிந்துகொண்டு, 'என்ன சொல்வது' என்பதைத் தானே தேடிப் போனவருக்குப் பொறி வைக்கவே முடியாது. கேள்வியை எடுத்துக்கொள்வதும் பதிலை எடுத்துக்கொள்வதும் வேறு வேறு காரியங்கள். ஜேக் வார்டு எடுத்தது வெறும் தலைப்புகள், அதாவது கேள்விகள் மட்டும்தானே என்று வாதிடலாம். 1,800 கேள்விகளை எடுத்துவிட்டு ஒன்றுக்குக்கூட யாரும் உட்கார்ந்து பதில் தேடவில்லை என்றால், பதிலுக்கான உழைப்பு எங்கிருந்தோ வந்திருக்கிறது. இயந்திரம் கற்ற பாடங்களில் எக்ஸல்ஜெட் போன்ற தளங்களும் அடக்கம் என்று நம்பாமல் இருப்பது எனக்குக் கடினம்.

பார்க்கும் விதம் பற்றி இன்னொரு கேள்வி இருக்கிறது. கண்ணால் பார்ப்பதும் இயந்திரத்தை விட்டுப் பார்ப்பதும் ஒன்றா?

நான் பராமரிக்கும் ஒரு சிறு தளத்தின் சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் நேரம், வந்தவரின் எண், கேட்ட பக்கம், வந்தவர் சொன்ன பெயர். ஏரெஃப்ஸ்பாட், செம்ரஷ்பாட், எம்ஜே12பாட் என்று எஸ்.இ.ஓ. கருவி விற்கும் கம்பெனிகளின் பாட்கள், அதாவது தானாகப் பக்கம் படிக்கும் நிரல்கள், பெயர் சொல்லிக்கொண்டு வருகின்றன. எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளக்காரர் எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பை முதலில் கேட்கின்றன, பிறகு இடைவெளி விட்டுப் பக்கங்களைக் கேட்கின்றன. வேண்டாமென்றால் அந்தக் கோப்பில் இரண்டு வரி எழுதினால் போதும், வராது. அவற்றுக்கு நடுவே சாதாரண குரோம் பிரவுசர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்திருக்கிறார். விலைப்பட்டியல் பக்கங்களை மட்டும் ஒரே நொடியில் பத்துப் பத்தாகக் கேட்டிருக்கிறார். அப்படி விரல் ஓடும் மனிதர் யாரும் இல்லை. படம் எதையும் அவர் இறக்கவில்லை. எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார். இரு தரப்பும் எடுத்தது பொதுவில் இருந்ததைத்தான். ஆனால் ஒருவர் வாசலில் நின்று பெயர் சொன்னார், மற்றவர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். யாரென்று சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் முகமூடி.

ரோபாட்ஸ் கோப்பு 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த யோசனை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் பழக்க மரியாதையாக இருந்து, 2022இல்தான் முறையான தர ஆவணமாக வெளிவந்தது. இந்த விதிகள் நுழைவு அனுமதியின் ஒரு வடிவம் அல்ல என்று அந்த ஆவணமே சொல்கிறது. பூட்டு வேறு, இது வேறு. வாசலில் போட்ட கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போவது போன்ற மரியாதை. யாரும் தடுக்க முடியாத இடத்தில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இப்படி வரும் இயந்திரங்கள் ஒரு தளத்தின் மேல் ஏற்றும் சுமையை நீதிமன்றம் எடை போட்டுப் பார்த்த முதல் பெரிய வழக்கு 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் நடந்தது. பிடர்ஸ் எட்ஜ் என்ற நிறுவனம் பல ஏலத் தளங்களின் விவரங்களை ஒரே இடத்தில் காட்டியது. அதற்காக ஈபே தளத்தை அதன் இயந்திரங்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை தொட்டன. ஈபேயின் மொத்தச் சுமையில் அது ஒன்றரை சதவீத அளவுதான். அந்த ஒன்றரை சதவீதத்தால் ஈபே படுத்துவிடவில்லை. ஆனால் இதை அனுமதித்தால் மற்றவர்களும் அதையே செய்யத் தொடங்குவார்கள், அப்போது என்ன ஆகும் என்று நீதிபதி யோசித்து இடைக்காலத் தடை விதித்தார். 'எல்லோரும் இதைச் செய்தால்?' என்ற அந்தக் கேள்வி எனக்குச் சட்டப் புத்தகத்துக்கு வெளியேயும் உதவுகிறது. ஒரு போட்டியாளரின் பக்கத்தை நாளுக்கு ஒருமுறை பார்க்கும் இருநூறு பேர் இருந்தால் அந்தத் தளம் தாங்கும். அவர்களே நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை விட்டால் மாதம் முன்னூறு ரூபாய் ஹோஸ்டிங்கில் ஓடும் சிறு கடையின் தளம் படுத்துவிடும்.

பொதுவில் திறந்திருப்பதை எடுப்பது கணினி ஊடுருவல் ஆகுமா என்ற கேள்வியில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் ஊசலாடின. லிங்க்ட்இன் தளத்தின் பொது விவரப் பக்கங்களைத் திரட்டிய ஹைக்யூ என்ற நிறுவனத்துக்குச் சாதகமாக 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேசியது. கடவுச்சொல் கேட்காத பக்கத்தைப் பார்ப்பது ஊடுருவல் சட்டத்தின் கீழ் வராது என்பதே அதன் போக்கு. அதே ஆண்டு இறுதிக்குள் அதே ஹைக்யூ, லிங்க்ட்இன்னின் பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியதாகக் கண்டறியப்பட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பை ஏற்று வழக்கை முடித்துக்கொண்டது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதைவிட அகலமாக வலை விரிக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் உள்ள தரவை இறக்குவதையும் நகலெடுப்பதையும் 43ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு உரியதாக்குகிறது. மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் அது குற்றம். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை.

இதுவரை சொன்னதில் பாதிக்கப்படுபவர் போட்டியாளர். மூன்றாவது ஒருவர் இருக்கிறார். தேடும் மனிதர்.

போட்டியாளரின் தளத்துக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று சில கருவிகள் எண்ணிக்கை காட்டுகின்றன. அந்தத் தளத்தின் உள்ளே இந்தக் கருவிகளுக்கு இடமில்லை. பிறகு எப்படித் தெரிகிறது? பழைய நாளில் அலெக்சா என்ற நிறுவனம் டூல்பார் போட்டவர்களின் உலாவலை வைத்துத் தளங்களுக்கு வரிசை எண் போட்டது. 1999இல் அமேசான் அதை வாங்கியது. 2022 மே மாதம் மூடியது. டூல்பார் போட்டவருக்காவது ஏதோ ஒரு டூல்பார் போட்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்கும். பின்னால் வந்ததில் அதுவும் இல்லை. அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், தன்னை நம்பி நிறுவிக்கொண்டவர்களின் உலாவல் விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. எந்தப் பக்கத்தை எந்த நொடியில் திறந்தார் என்ற அளவுக்கு விவரம். வாங்கியவர்கள் நூற்றுக்கும் மேல். 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

இது என்னை மற்ற எதையும்விட அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தன் நோயைப் பற்றித் தேடியிருப்பார், கடன் பற்றித் தேடியிருப்பார். அந்தத் தடம் ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளியாகி, 'உங்கள் போட்டியாளருக்கு இவ்வளவு வருகை' என்று என் திரையில் வந்து நிற்கிறது. நான் பார்த்தது போட்டியாளரை. ஆனால் அதற்காக எட்டிப் பார்க்கப்பட்டது எங்கோ ஒரு வீட்டின் படுக்கையறை. வருகை எண்ணிக்கை காட்டும் எந்தக் கருவியையும் வாங்கும் முன், இந்த எண் யாருடைய பிரவுசரிலிருந்து வருகிறது, அவர்களுக்குத் தெரியுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்ட இடங்களில் சில கம்பெனிகள் விளக்கமாக எழுதின. சில, பங்காளர்களிடமிருந்து பெறுகிறோம் என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டன. ஒற்றை வரி வந்த இடத்தில் நான் வாங்குவதில்லை.

கூகுள் இந்த ஆட்டத்தில் நடுவர் மட்டும் இல்லை. எந்தச் சொல்லைத் தேடி வாசகர் நம் தளத்துக்கு வந்தார் என்ற விவரத்தை அது 2011 முதல் மறைக்கத் தொடங்கி, 2013 வாக்கில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. வாசகரின் அந்தரங்கத்துக்கு நல்லதுதான். ஆனால் விளம்பரம் தருவோருக்கு விவரம் கிடைத்துக்கொண்டிருந்தது. மறுபுறம், தரவரிசையைச் சோதிக்க இயந்திரம் வைத்துக் கூகுளில் தேடுவதை அதன் விதிகள் தடை செய்கின்றன. சந்தையில் உள்ள ரேங்க் டிராக்கர்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான். 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்கும் வசதியைக் கூகுள் எடுத்துவிட்டபோது இந்தக் கருவிகள் பல தடுமாறின. இந்தத் தொழிலே ஒரு விதிமீறலின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. இதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. தனக்கு மட்டும் எல்லாம் தெரிந்த ஒருவர், மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று போடும் விதிக்கும், ஒரு சிறு கடைக்காரரின் ரோபாட்ஸ் கோப்புக்கும் என் மனம் ஒரே மரியாதையைக் கொடுக்க மறுக்கிறது.

போட்டியாளரின் பெயரையே விளம்பரத் தேடுசொல்லாக விலைக்கு வாங்கும் விவகாரம் நம் ஊர் நீதிமன்றத்துக்கே வந்தது. சென்னையிலிருந்து பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்திய கான்சிம் நிறுவனம், தன் பெயர்ச் சொற்களைத் தேடினால் போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரம் வருகிறது என்று கூகுள் மீதும் அந்தப் போட்டியாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்ரமணியன், தமிழ், மேட்ரிமோனி போன்ற சொற்கள் தொழிலையே விவரிக்கும் பொதுச் சொற்கள் என்று கருதி, இடைக்காலத் தடை தர மறுத்தார். 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கில், கூகுள் வெறும் வழிப்போக்கர் அல்ல, வணிக முத்திரையைப் பயன்படுத்தும் தரப்புதான் என்றது. ஆனால் வாடிக்கையாளர் குழம்பாதவரை, போட்டியாளரின் பெயரைத் தேடுசொல்லாக வாங்குவது மட்டுமே மீறல் ஆகாது என்றும் சொன்னது. குழப்பம் என்பதுதான் அளவுகோல். அது நல்ல அளவுகோல். எதிர்க்கடைக்குப் போகிறவரிடம் 'எங்களிடமும் இருக்கிறது' என்று சொல்லலாம். 'எதிர்க்கடை இதுதான்' என்று சொல்லி உள்ளே கூப்பிடக் கூடாது.

பார்த்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறு கணக்கு. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் டேவிட் செகல் எழுதிய கட்டுரை, போட்டிக் கண்காணிப்பு பொது நன்மைக்கும் உதவும் என்று காட்டியது. ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத் தொடர், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. டக் பியர்ஸ் என்ற நிபுணர் அதன் பேக்லிங்க்குகளை, அதாவது தரவரிசையை ஏற்ற உதவும் வெளித்தள லிங்க்குகளை, எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் சம்பந்தமில்லாத தளங்களில் இருந்த 2,015 பக்கங்கள் பென்னிக்கு லிங்க் கொடுத்துக்கொண்டிருந்தன. அணுப் பொறியியல் தளத்திலிருந்து பெண்கள் உடைக்கு லிங்க். கூகுள் கையால் தண்டித்தது. சூட்கேஸ் தொடர்பான ஒரு தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. இத்தனைக்கும் பியர்ஸ் பார்த்தது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய லிங்க்குகளைத்தான்.

அடுத்த ஆண்டு அதே அறிவு ஆயுதமானது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின் மாற்றம் கெட்ட லிங்க்குகளுக்குத் தண்டனை தந்தது. உடனே, போட்டியாளருக்கே கெட்ட லிங்க் வாங்கி மாட்டிவிடும் வேலை சூடுபிடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 'இந்த லிங்க்குகள் என்னுடையவை அல்ல' என்று அறிவிக்க, அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் ஒரு வசதி செய்து தர வேண்டிவந்தது. 2023 நவம்பரில் கூகுள் தொடுத்த ஒரு வழக்கின்படி, 65 போலிக் கணக்குகளிலிருந்து பொய்யான பதிப்புரிமைப் புகார்கள் குவிந்தன. அவற்றில் சுட்டப்பட்ட போட்டித் தளப் பக்கங்கள் 1,17,000க்கும் மேல். படைப்பாளியைக் காக்க வந்த சட்டத்தையே போட்டியாளரின் கடையை மூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைச் செய்பவர்களைத் தொழில்காரர்கள் என்று அழைக்க எனக்கு மனமில்லை.

ஜேக் வார்டின் பதிவு பரவிய சில வாரங்களில் அவருடைய வாடிக்கையாளர் தளத்தின் வருகை சரியத் தொடங்கியதாகக் கருவிகளின் மதிப்பீடுகள் காட்டின. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளைத் திருத்தி, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தரவரிசைக்காக மட்டும் மொத்தமாகக் குவிக்கும் பக்கங்களை மோசடி என்று வகைப்படுத்தியது.

தமிழில் வேலை செய்பவருக்கு, போட்டியாளரிடமிருந்து அப்படியே எடுத்துவிடும் ஆசை இன்னும் பெரிது. தமிழ்த் தேடுசொற்கள் பலவற்றுக்குக் கருவிகள் பூஜ்யம் காட்டும். மக்கள் தமிழ் எழுத்திலும் தேடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழையும் தேடுகிறார்கள், பாதி பாதியாகக் கலந்தும் தேடுகிறார்கள். கருவிக்கு அது பிடிபடுவதில்லை. கையில் எண் இல்லாதபோது எதிர்க்கடையைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம் என்று தோன்றும்.

வெட் கிரைண்டர் விற்கும் ஒருவருக்கு வேலை செய்தபோது போட்டியாளரின் சைட்மேப்பைத் திறந்தேன். டேபிள் டாப் கிரைண்டரில் பெல்ட் வழுக்குவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதைப் படிக்காமல் மூடிவிட்டு, கேள்வியை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் வாடிக்கையாளரின் சர்வீஸ் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். இருபது ஆண்டுகளாகக் கிரைண்டர் பிரிக்கும் மெக்கானிக் அண்ணன், "பெல்ட் தேஞ்சுதான் வழுக்குதுன்னு எல்லாரும் மாத்திட்டுப் போயிடறாங்க தம்பி. பாதிக் கேஸ்ல மாவு ரொம்பி வழிஞ்சு கீழ இறங்கியிருக்கும். பெல்ட்டைக் கழட்டித் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருக்கும்" என்று ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார். புளித்த மாவு வாசனை அடித்தது. அந்தப் பெல்ட்டைப் படம் எடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையில் எழுதி ஏற்றினோம். எழுதி முடித்த பிறகுதான் போட்டியாளரின் பக்கத்தைப் படித்தேன். அதில் பெல்ட்டை மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் அந்தப் பக்கத்தைத் திருத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் எங்கள் வரி ஒன்றும் அதில் இல்லை. அவர்கள் பட்டறையில் எடுத்த படம் இருந்தது. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போதும் டிரம் நின்று நின்று சுற்றும், அதைப் பெல்ட் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது என்று அவர்களுடைய மெக்கானிக் சொல்லியிருந்தார். அதை எங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "ஆமா, அதுவும் உண்டு" என்றார்.